வசந்தாமணி கொடுத்தனுப்பிய ஜோப்பு

என் தம்பி ராசப்பனுக்கு வசந்தாமணியைப் பார்த்து முடிவு செய்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்லிச் சிரிக்க வேண்டாம். நாமக்கல் பக்கம் ஐந்து பெண்களைப் பார்த்தோம். ஒருத்திக்கு வாய் நீளம். ஒருத்தி என்னைவிட உயரம். மற்ற இரண்டு பேரின் அம்மாக்களை எனக்குப் பிடிக்கவில்லை. வசந்தாமணி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டதற்குப் பதில் சொன்னாள். அடக்கமான பிள்ளை, நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருப்பாள் என்று நினைத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தவள், பள்ளிக்கூடத்தில் துணியில் பூவேலை கற்றுக்கொண்டவள் என்று அவள் அம்மா பெருமையாகச் சொன்னபோது அது என் காதில் ஏறவே இல்லை. பூப்போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அம்மா போனபோது ராசப்பனுக்கு நான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. அப்பா காட்டைப் பார்ப்பாரா, பிள்ளையைப் பார்ப்பாரா? குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது எல்லாம் நான்தான். எனக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவன்தான் என் மூத்த பிள்ளை. என்னை எலச்சிபாளையத்தில் செங்கோட்டையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் அப்பா வீட்டிலிருந்து நடந்தால் ஒரு மணி நேரம்.

தையல் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திருச்செங்கோட்டுத் தையல்காரர் தைத்த ராசப்பனுடைய சட்டை ஒன்று கிழிந்துபோனது. அதைத் தையல் தையலாகப் பிரித்துத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அதேபோல் வெட்டிக் கையாலேயே தைத்துவிட்டேன். பித்தான் நுழைகிற காஜா மட்டும் கோணலாக வந்தது. அன்றுமுதல் அவன் உடம்பில் என் கைத்தையல்தான்.

மாதம் ஒருமுறை வருவான். சட்டைக் கை கிழிந்துவிட்டது, பித்தான் அறுந்துவிட்டது என்று ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். நான் தைத்து முடிக்கும்வரை பக்கத்தில் படுத்துக்கொண்டு மாட்டுக் கதை, கிணற்றுக் கதை, சந்தைக் கதை எல்லாம் சொல்வான். களியும் கீரையும் இரண்டு முறை வாங்கித் தின்பான். ஒருதடவை கிழிசலைப் பார்த்தேன். கத்தியால் அறுத்ததுபோல் நேராக இருந்தது. தானே அறுத்துக்கொண்டு வந்திருக்கிறான். அன்றைக்கு அவன் களியில் நெய்யைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினேன்.

கல்யாணம் ஆனபின் இவன் வருவானா என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம். ஊரில் எத்தனை தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். தாலி கட்டின மறுநாளே அக்கா வீட்டுக்கு வழி மறந்துபோகும். நம்முடையவன் அப்படி ஆகமாட்டான், சட்டை நம் கையில் இருக்கிறவரைக்கும் வந்துதானே ஆகவேண்டும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

யுவ வருஷம் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரையில் ஏறும்போது போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைத்தேன். கடைத்துணியில் இல்லை. எங்கள் காட்டுப் பருத்தியை நானே ராட்டையில் நூற்று, நெசவுக்காரரிடம் கொடுத்து நெய்து வாங்கிய துணி. கல்யாணத் துணியைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. கோடி என்றால் தண்ணீர் படாத துணி, மூலையில் மஞ்சளைத் தடவி அப்படியே உடுத்த வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். ஆனால் கைத்தறித் துணி முதல் நனைப்பில் முழத்துக்கு இரண்டு விரற்கடை சுருங்கும். அதற்காகச் சட்டையைக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டினேன். குதிரைமேல் சற்றுத் தொளதொளப்பாக இருக்கும், முதல் வெளுப்புக்குப் பிறகு அளவெடுத்ததுபோல் உடம்பில் உட்காரும். நெஞ்சில் காசு போட்டுக்கொள்ள அதே துணியில் ஒரு ஜோப்பும் வைத்தேன். சட்டையும் ஜோப்பும் ஒன்றாகச் சுருங்கும், ஒரு தொந்தரவும் இல்லை.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ராசப்பன் வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, ஏதோ தங்கக்காசு கொண்டுவந்தவன் மாதிரி மெதுவாகப் பிரித்தான். உள்ளே இரண்டு ஜோப்பு. பெண் வீட்டிலிருந்து வசந்தாமணி ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் வாங்கிய வழவழப்பான வெள்ளை மில் துணி. அடிப்பக்கம் அரச இலைபோல் கூர், சுற்றிலும் மெல்லிய நீலக் கரை. ஒவ்வொன்றிலும் கம்பங்கதிரைக் கொத்துகிற ஒரு கிளி. இரண்டு கிளியும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி எதிரும் புதிருமாகப் போட்டிருந்தாள். நான் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். கெட்டிக்காரத்தனம் முன்பக்கத்தில் தெரியாது, பின்பக்கத்தில்தான் தெரியும். ஒரு முடிச்சு இல்லை, ஒரு நூல் தாவி ஓடவில்லை. முன்பக்கம் போலவே பின்பக்கமும் சுத்தமாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. என்னால் அப்படிப் போட முடியாது. பத்து வருஷம் உட்கார்ந்து போட்டாலும் முடியாது.

"அக்கா, இதெ நெஞ்சுல ரெண்டு பக்கமும் வெச்சுத் தெச்சுக் குடு" என்றான். நான் வைத்த ஜோப்பை என்ன செய்வது என்று கேட்டேன். அதைப் பிரித்துவிடு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் தண்ணீர் குடிக்கப் போனான். உடனே கிளம்பியும் விட்டான். பந்தல் வேலை இருக்கிறதாம். அவன் என் வீட்டில் சாப்பிடாமல் போன முதல் நாள் அதுதான்.

நான் வைத்த ஜோப்பைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க எரிச்சல் கூடிக்கொண்டே போனது. பருத்தி எடுத்தது நான், நூற்றது நான், வெட்டியது தைத்தது நான். ஊர் பார்க்கப்போவது அவள் கிளியை. சட்டைக்கு ஜோப்பா, ஜோப்புக்குச் சட்டையா?

அவள் ஜோப்பைச் சட்டைமேல் வைத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. மில் துணி சுருங்காது. கைத்தறித் துணி சுருங்கும். ஒழுங்கான ஆளாக இருந்தால் இப்போதைக்கு நாலு ஓட்டுத்தையல் போட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டு, சட்டையை ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகு ஜோப்பைப் பிரித்து மறுபடி கெட்டியாக வைப்பாள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் முதலிலேயே கெட்டித்தையல் போட்டேன். சுற்றிலும் நெருக்க நெருக்க, ஒரு தையல்கூட விட்டுக்கொடுக்காமல், இரண்டு சுற்று. முதல் தண்ணீரில் சட்டை சுருங்கும், ஜோப்பு சுருங்காது. கிளி இரண்டும் வயிறு ஊதிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் சட்டையைக் குறை சொல்லமாட்டார்கள், ஜோப்பைத்தான் சொல்வார்கள். என்னத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தாளோ என்பார்கள். அவனும் ஓடிவருவான், அக்கா இதைப் பிரித்துவிட்டுப் பழையபடி உன் ஜோப்பையே வை என்பான். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. யாராவது கேட்டால் கோடித்துணியை எப்படி நனைப்பது என்று சொல்லிக்கொள்ளலாம். பதில்கூடத் தயாராக இருந்தது.

கல்யாணத்தன்று குதிரைமேல் அவன் ராஜா மாதிரிதான் இருந்தான். அதில் பொய் சொல்ல மாட்டேன். அதன்பிறகு இணைச்சீர். எங்கள் பக்கம் மாப்பிள்ளையோடு பிறந்தவள் செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு நுனி அவனிடம், மறுநுனி என்னிடம். கல்யாணம் ஆனாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று சபைக்கு முன்னால் சொல்கிற மாதிரியான சடங்கு. என் வாழ்நாளில் நான் அதிகமாக ஆசைப்பட்ட நிமிஷம் அதுதான். அந்த நிமிஷத்தில் எங்கள் சித்தி ஆத்தாயி அவன் நெஞ்சருகே குனிந்து கிளியைத் தடவிப் பார்த்து, இது யார் போட்டது என்று கேட்டாள். என் தம்பி சேலை நுனியைப் பிடித்துக்கொண்டே, பந்தலுக்கே கேட்கிற மாதிரி, "பொண்ணு போட்டதுங்க" என்றான். நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். சட்டை யார் தைத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இருக்கட்டும், ஒரு வெளுப்புத் தாங்குகிறதா பார்க்கலாம் என்று நான் சிரித்த முகமாக நின்றேன்.

தை முடிந்தது. மாசியும் முடிந்தது. அவன் வரவில்லை. சட்டையை இன்னும் நனைக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, நனைத்துவிட்டு அவளே பிரித்துத் தைத்துக்கொண்டாளோ என்று நினைத்தேன். அதை நினைத்தபின் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து வந்து நின்றேன். "ஏன் வாசலயே பாத்துட்டுக் கெடக்கற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கோழியைப் பார்க்கிறேன் என்றேன். எங்கள் எருமை கன்று போட்டதும் எனக்கு நல்ல சாக்குக் கிடைத்தது. ஒரு சொம்பில் சீம்பாலை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு நடந்தேன்.

ராசப்பன் களத்தில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தான். நான் நினைத்ததைவிட அழகாக நடந்திருந்தது. சட்டை உடம்போடு ஒட்டிக் கச்சிதமாக இருந்தது. ஜோப்பு இரண்டும் தவளை கன்னம்போல் உப்பிக்கொண்டு நின்றன. நீலக் கரை சுருக்கம் சுருக்கமாக நெளிந்தது. கிளிகளைப் பார்த்தால் கம்பு தின்று செரிக்காமல் நிற்பவைபோல் இருந்தன. எனக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, என்ன சாமி இது என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டேன்.

அவன் சிரித்தான். கோபமாகவோ வெட்கமாகவோ இல்லை, வாய்விட்டுச் சிரித்தான். அவள் தெரியாமல் சட்டையைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டாளாம், சொல்லிச் சொல்லி அழுதாளாம், இவன் சமாதானம் செய்தானாம். சமாதானம் செய்த கதையைச் சொல்லும்போதே அவன் முகம் எங்கேயோ போய்விட்டது. பிறகு ஜோப்பைத் தட்டிக்காட்டி, "முன்னைக்கு இப்பத்தான் நல்லா இருக்குது. ஒவ்வொண்ணும் அரைக்கால் படி கடலைக்காய் புடிக்குது பாரு" என்றான். உண்மையிலேயே இரண்டிலும் கடலைக்காய் வைத்திருந்தான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "துணிதான் சுருங்கிப்போச்சு. ஜோப்பு வெச்சது வெச்சபடி இருக்குது" என்றான். குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னான். இத்தனை வருஷத்தில் என் துணியைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

அடுக்களையில் வசந்தாமணி சீம்பாலில் வெல்லம் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க நங்கையா" என்று பலகை எடுத்துப் போட்டாள். புருஷனின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் உட்கார்ந்தேன். புதுச்சட்டையை யாராவது சுடுதண்ணீரில் போடுவார்களா என்று கேட்டேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தியேதான் கேட்டேன், களம்வரைக்கும் கேட்கட்டும் என்று.

அவள் கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு பாலைக் கிண்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நானு சுடுதண்ணீல போடுலீங்க நங்கையா. பச்சத் தண்ணிதான். கோடில கெட்டித்தையல் போட்டா இப்பிடித்தான் ஆவும்னு எனக்கே தெரியுமுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தயாராக வைத்திருந்த பதில் ஒன்று இருந்ததே, கோடியை நனைக்கக் கூடாது என்று, அது வாயில் வரவில்லை. பின் எதற்கு அவனிடம் பொய் சொன்னாய் என்று மட்டும் கேட்டேன்.

"உங்க கையால ஒரு தப்பு நடக்கும்னு அவிய நெனைக்கவே மாட்டாங்க. அதெ நான் எதுக்குங்க கெடுக்கறது? நானு புதுசு. என்னெ ரெண்டு நாளைக்குப் பேசுனாப் பேசிட்டுப் போறாங்க."

அவள் முகத்தில் ஏளனம் இருக்கிறதா என்று பார்த்தேன். துருவித் துருவிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்திருந்தாலும் போதும், அங்கேயே ஒரு சண்டை பிடித்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். ஒன்றும் இல்லை. பால் திரண்டு வந்துவிட்டதா என்பதில்தான் அவள் கவனம் இருந்தது. முதல் கிண்ணத்தை எனக்குத்தான் வைத்தாள். நான் கொண்டுபோன சீம்பாலை நானே தொடாமல் வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பும்போது ராசப்பன் வண்டித்தடம் வரைக்கும் கூட வந்தான். அவனிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாய் திறந்தேன். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன், உன் பெண்டாட்டி என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். சொல்ல இவ்வளவுதான் இருந்தது. சொன்னால் அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது. அதற்குள் அவனே, "அவ சின்னப்புள்ளக்கா, சட்டையெ இப்பிடி ஆக்கிப்போட்டான்னு மனசுல வெச்சுக்காத" என்றான். வைத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். மன்னிக்கிறவள் மாதிரி சொன்னேன் பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

சித்திரையில் ஒருநாள் காலையில் வாசலில் அவன் குரல் கேட்டது. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கையில் புதுத்துணி, அதன்மேல் அந்த இரண்டு ஜோப்பு. அவள் நூல் நூலாகப் பிரித்து எடுத்துத் துவைத்து, சொம்பில் தணல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை. புதுச்சட்டை தைத்து அதில் இதை வைக்க வேண்டுமாம். அந்தப் பழைய சட்டையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கன்றுக்குட்டிக்குக் கீழே விரித்திருக்கிறது என்றான்.

நான் துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காய்ந்ததும் மறுபடி ஒருமுறை ஊறப்போட்டேன். இரண்டாம் முறை காய்வதற்காகக் காத்திருந்தபோது அவன் பக்கத்தில் படுக்கவில்லை, உட்கார்ந்திருந்தான். மாட்டுக் கதையும் கிணற்றுக் கதையும் சொன்னான், எல்லாவற்றிலும் நடுவில் அவள் வந்தாள். நான் கேட்காமல் இருந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டேன். அவளே இவ்வளவு நன்றாகத் தைக்கிறாளே, ஒரு மணி நேரம் நடந்து இங்கே எதற்கு வந்தாய் என்றேன். எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டியிருந்தது. அதை அவன் பொய்யாகச் சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது. "அவதான் போகச் சொன்னாக்கா. அக்கா கையில தெச்சாத்தான் உங்களுக்கு ஒட்டும்னு தொரத்தி வுட்டுட்டா. நானு திருச்செங்கோட்லயே குடுத்துரலாம்னுதான் இருந்தேன்."

நான் துணியை வெட்டி ஊசியில் நூல் கோத்தேன். கிளிகளை எதிரும் புதிருமாக வைத்து, கோணாமல், நெளியாமல், என்னால் முடிந்த அளவுக்கு நன்றாகத் தைத்தேன். அவளைப்போல் பின்பக்கமும் சுத்தமாக வர வேண்டும் என்று இரண்டு இடத்தில் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் போட்டுப் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்றான். களி போட்டிருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கு, வீட்டில் ஆக்கி வைத்திருப்பாள் என்றான்.

வாசல் தாண்டிப் போனவன் நின்று திரும்பினான். "மறுக்கா எப்ப வரோணும்னு சொல்லீரு அக்கா. போனதும் அவ கேப்பா."

அடுத்த மாதம் வளர்பிறையில் வா என்று சொன்னேன். தவறாமல் வந்தான். இப்போதும் ஒவ்வொரு மாதமும் வருகிறான், அவள் ஞாபகம் வைத்திருந்து அனுப்பிவைக்கிறாள்.